பாதி வெட்டிய ஆண்டு

ப்ரெஸோவெட்ஸ்
26 ஜூலை 1992

அன்புள்ள எமில்கா,

உன் அக்கா ரோஸா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, மீதியெல்லாம் உன் பால்கனிச் செடிகளைப் பற்றி எழுதியிருந்தாய். செடிக்கா சளி?

ரேடியோவில் நீயும் கேட்டிருப்பாய். ப்ராட்டிஸ்லாவாவில் நம் சபை கூடி, ஸ்லோவாக்கியா இனித் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று அறிவித்துவிட்டது. இங்கே மேட்டில் தீ மூட்டினார்கள். பக்கத்து வீட்டு மார்கிதா என் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள். அவளை உனக்குத் தெரியாது, வேற்றூர்ப் பெண். நீ கடைசியாக வந்துபோன பிறகு இங்கே வாழ்க்கைப்பட்டவள். நல்லவள்தான், ஆனால் வாய் ஓயாது. "பெரியம்மா, இது உங்களுக்கு எத்தனாவது நாடு?" என்று கேட்டாள். விரல் விட்டுப் பார்த்தேன். ஹங்கேரி ராஜாவின் கீழ் பிறந்தேன். அப்புறம் செக்கர்களோடு சேர்ந்த குடியரசு. அப்புறம் சண்டைக்காலத்தில் வந்துபோன நம் தனி நாடு. மறுபடியும் குடியரசு, அதற்குப் பெயர் மட்டும் மாறி மாறி வந்தது. வரப்போவது இது. இந்த வீட்டை விட்டு நான் எங்கும் போனதில்லை. "வர்ற நாடெல்லாம் உங்களைப் பாக்கத்தான் வருதா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். நம் பேச்சைப் பேசியதற்குப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவள் இல்லை அவள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியிலிருந்து நமக்கும் செக்கர்களுக்கும் நடுவில் எல்லை வருமாம். இங்கே பிறந்து அங்கே இருப்பவர்கள் எந்த நாட்டுக்காரர் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நீ நம் நாடு என்று எழுதிக் கொடு. எழுதிவிட்டு வீட்டுக்கு வா. பின்பக்கத்து அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். உன் ஆள் போய் எட்டு வருஷமாயிற்று, பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். இனி அங்கே உனக்கு என்ன இருக்கிறது?

கல்லறையில் உன் பெயர் இருக்கிறது. அப்பா, அம்மா, கீழே நான், எனக்குக் கீழே நீ. 1915, ஒரு கோடு, அப்புறம் 19. மீதி இரண்டு எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறது. வாராவாரம் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறேன். செத்த பிறகு உன்னைக் கொண்டுவரலாம் என்று நினைக்காதே. ஒரு பிணத்துக்கு இரண்டு நாட்டு முத்திரை வேண்டுமாம். உயிரோடு வா, ரயில் டிக்கெட் போதும்.

அம்மாவின் அடக்கத்துக்குத்தான் நீ வரவில்லை. இதற்காவது வா.

உன் அக்கா,
ரோஸா

*

ப்ரெரோவ்
19 ஆகஸ்ட் 1992

அன்புள்ள ரோஸா அக்காவுக்கு,

எமில்கா எழுதுவது. சளி விட்டுவிட்டது, செடிகளும் பிழைத்துக்கொண்டன. உன் முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலையை வெதுவெதுப்பாகக் கட்டு என்று போன வருஷமே எழுதினேன். நீ கட்டியிருக்க மாட்டாய். அது செக் வைத்தியம் என்று நினைத்திருப்பாய்.

மேட்டில் தீ மூட்டியதை டிவியில் பார்த்தேன். இங்கே யாரும் எதையும் மூட்டவில்லை. ரொட்டிக்கடை வரிசையில் ஒருவர் சொன்னார், "போறவங்க போகட்டும்மா, கதவை மட்டும் சாத்திட்டுப் போகச் சொல்லுங்க." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஐம்பத்து மூன்று வருஷமாக அந்தக் கடையில் ரொட்டி வாங்குகிறேன். நாட்டைப் பிரிக்கலாமா என்று இரண்டு பக்கத்து ஜனங்களையும் ஓட்டுப் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன்னிடம் கேட்டார்களா?

அக்கா, உன் தனி நாடு முதல் தடவை வந்தபோது நடந்தது உனக்கு மறந்திருக்காது, நீ எதையும் மறப்பவள் இல்லை. என் போஹுமில் செக்கர்தான், ஆனாலும் நம் ஊர் ஸ்டேஷனில் பத்து வருஷம் கைகாட்டி இழுத்தவர். நம் ஊர்ப் பெண்ணைக் கட்டினார், நம் பேச்சைப் பேசினார், நம் ஆட்களோடு உட்கார்ந்து ப்ளம் சாராயம் குடித்தார். அவரோடு குடித்த அதே ஆட்கள்தான் முப்பத்தொன்பதில் எங்கள் கதவில் சாக்குக்கட்டியால் எழுதினார்கள்: 'செக்கர்களே, நடையைக் கட்டுங்கள்.' எங்களை வண்டியில் ஏற்றிய அன்றைக்கு அவர்தான் கடைசியாகக் கைகாட்டியை இறக்கினார். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. தன்னைத் துரத்துகிற வண்டிக்குத் தானே வழிவிட்டுவிட்டு ஓடிவந்து ஏறினார்.

எங்களைத் துரத்தினார்கள், சரி, உயிரோடு வந்து சேர்ந்தோம். மூன்று வருஷம் கழித்துத் துணிக்கடை வைஸின் யூதக் குடும்பத்தையும் அதே ஸ்டேஷனில் ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் யாரும் திரும்பவில்லை. அதையும் உன் நாடுதான் செய்தது.

சண்டை நடந்தபோது அம்மாவின் அடக்கத்துக்கு எல்லை தாண்ட அனுமதிச்சீட்டு கேட்டு இரண்டு அலுவலகம் ஏறினேன். கொடுக்கவில்லை. இதை நாற்பத்தைந்திலேயே எழுதினேன்.

கல்லைப் பற்றி. எழுபத்தொன்றில் சாமியார் அதை மந்திரிக்கிற நாளுக்குக் கூப்பிட்டாய், நானும் அவரும் வந்தோம். கல்லில் என் பெயர் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார், "அண்ணி, அப்ப எனக்கு எங்க இடம்?" நீ சொன்னாய், "ஏன், உங்க ஊர்ல மண்ணு இல்லாமப் போச்சா?" அன்று சாயங்கால வண்டியிலேயே நாங்கள் திரும்பினோம். சூப்கூடக் குடிக்கவில்லை.

இப்போது ப்ரெரோவில் அவர் கல்லிலும் என் பெயர் இருக்கிறது. அதை அவரே சொல்லிப் பொறித்தார், என்னைக் கேட்டுவிட்டு. அங்கேயும் 1915, ஒரு கோடு, 19. இரண்டு கல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன அக்கா. நான் பிடிவாதமாக இரண்டாயிரம் வரை இருந்துவிட்டால் இரண்டுமே வீண்.

யோசித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
எமில்கா

*

ப்ரெஸோவெட்ஸ்
20 செப்டம்பர் 1992

எமில்கா,

கடிதம் வந்தது. மார்கிதாவை விட்டுப் படிக்கச் சொல்லவில்லை, நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீ இப்போதெல்லாம் பாதி செக் பேச்சில் எழுதுகிறாய். அதனால் இரண்டு நாள் ஆயிற்று.

உனக்கு ஒன்று ஞாபகமிருக்காது, அப்போது உனக்கு மூன்று வயசு. எனக்கு இருக்கிறது. நான் முதல் வகுப்பில் உட்கார்ந்தபோது வாத்தியார் ஹங்கேரிக்காரர். 'அம்மா' என்று நம் பேச்சில் சொன்னதற்கு உள்ளங்கையில் அடித்தார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குள் அவர்கள் ராஜ்யம் போயிற்று. அப்பா அழுதார், சந்தோஷத்தில். நம் பேச்சில் பாடம் சொல்ல ஆள் வருகிறார் என்றார்கள். வந்தவர் செக்கர். நல்ல மனுஷர்தான், அடிக்கவில்லை. ஆனால் நாம் பேசுவதைக் கேட்டால் சிரிப்பார், பட்டணத்து அண்ணன் பட்டிக்காட்டுத் தம்பியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. அடித்தவனை மன்னித்துவிடலாம் எமில்கா. சிரித்தவன் போகவே மாட்டேன் என்கிறான்.

தாத்தாவின் கல்லைப் பற்றித் தெரியுமா? அவர் செத்தபோது ஊர் எழுத்தர் ஹங்கேரிப் பெயரில்தான் பொறிக்கவிட்டார். யுராய் என்று வாழ்ந்த மனுஷன் மண்ணுக்குள்ளே போய் க்யோர்க் ஆகிவிட்டான். அப்பா பத்து வருஷம் அந்தக் கல்லுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னார். குடியரசு வந்த வசந்தத்தில் கல்லைப் பெயர்த்து வண்டியில் போட்டுக் கொண்டுவந்து, முற்றத்தில் வைத்துத் தானே மணல் போட்டுத் தேய்த்தார். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். முகம் முழுதும் தேய்ந்து, கல் ஒரு விரல் மெலிந்துபோயிற்று. அதில் யுராய் என்று வெட்ட வைத்தார். "இந்த ஊர்ல பொறந்தவனோட பேரு இந்த ஊர்ப் பேச்சுல இந்த ஊர் மண்ணுல இருக்கணும். எம் புள்ளைங்களுக்கும் அப்படித்தான்." அப்பா சொன்னது இது. பிறகு அம்மா படுக்கையில் சொன்னது, "ரெண்டு பொண்ணும் என் காலடியில வேணும், ரோஸா. நீதான் பாத்துக்கணும்." பாத்துக்கிறேன் என்று சொன்னேன். அதனால்தான் உன்னைக் கேட்காமல் பொறித்தேன். கேட்டிருந்தால் நீ உன் ஆளைத் திரும்பிப் பார்த்திருப்பாய்.

வண்டியில் உங்களை நான் ஏற்றவில்லை. சாக்குக்கட்டியும் என் கையில் இல்லை. வைஸ் வீட்டைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. நானும் இதற்கு மேல் எழுதவில்லை. என் வீட்டுக்காரன் ஆந்த்ரேய் நாற்பத்து நாலில் அந்த அரசாங்கத்தை எதிர்த்துத்தான் துப்பாக்கி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். எந்தப் பள்ளத்தில் கிடக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. அதனால்தான் நானும் அப்பா அம்மாவோடு படுக்கப்போகிறேன். தனியாகப் படுக்க எனக்குப் பிடிக்காது.

நீ போனபோது எடுத்துக்கொண்டு போன வாத்திறகுப் போர்வையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை, கவனித்தாயா? அம்மா எனக்காக ஒரு குளிர்காலம் முழுக்க ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு இறகைக் காம்பிலிருந்து உரித்துச் சேர்த்தது. உனக்குச் சின்னது, எனக்குப் பெரியது. நீ பெரியதை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பேச்செடுக்கவில்லை.

முட்டைக்கோஸ் இலை கட்டினேன். பரவாயில்லை.

சீக்கிரம் பதில் போடு.

ரோஸா

*

ப்ரெரோவ்
4 நவம்பர் 1992

அன்புள்ள அக்கா,

கல்லறைத் திருநாளுக்குப் போஹுமிலிடம் போய்வந்தேன். மழை. மெழுகுவர்த்தி நிற்கவில்லை, திரும்பத் திரும்ப ஏற்றினேன். செவ்வந்தி வைத்தேன். அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.

இந்தப் பக்கத்துக்கே எழுதிக் கொடுக்கப்போகிறேன். செக் நாட்டின் மேல் பெரிய ஆசை இல்லை. நீ சொல்கிற சிரிப்பை நானும் ஐம்பது வருஷம் ரொட்டிக்கடையில் கேட்டவள்தான். ஆனால் அந்த மனுஷர் எனக்காக ஒரு ஊரையே தன் ஊராக்கிக்கொண்டார், அந்த ஊர் அவரைத் துப்பிவிட்டது. அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் அங்கே வந்து படுத்தால், சாக்குக்கட்டியால் எழுதியவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

அப்பா சொன்னதும் எனக்குப் புரிகிறது. பிறந்த ஊரில் தன் பெயரில் கிடக்க வேண்டும் என்றார். எங்கே கிடப்பது என்பதை நான் சொல்லக் கூடாதா?

அம்மாவிடம் நீ சொன்ன வார்த்தையை நான் உடைக்கிறேன். நீ உடைக்கவில்லை. மேலே போய் நானே அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்லிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. ஒருத்தி இரண்டு இடத்தில் காத்திருக்க முடியாது.

போர்வை இன்னும் இருக்கிறது. உறை மூன்று தடவை மாற்றியாயிற்று.

உன் தங்கை,
எமில்கா

*

ப்ரெஸோவெட்ஸ்
6 ஜனவரி 1993

எமீலியாவுக்கு,

நாடு வந்துவிட்டது. வருஷம் பிறந்தபோது மணி அடித்தார்கள், வெடி போட்டார்கள், மார்கிதாவின் நாய் பயந்து என் அடுப்படியில் வந்து ஒளிந்துகொண்டது. பங்குச் சாமியார் கோயிலில் நீளமாகப் பேசினார். ஆயிரம் வருஷம் காத்திருந்தோம் என்றார். நான் எண்பது வருஷத்துக்குத்தான் சாட்சி. அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார். எனக்கு அழுகை வரவில்லை. முட்டைக்கோஸ் சூப்பும் கசகசா ரொட்டியும் இரண்டு பேருக்குச் செய்திருந்தேன். பின்பக்கத்து அறை காலிதான். மீதியை நாய் தின்றது.

கல்தச்சன் ஒன்ட்ரூஷைக் கூப்பிட்டு, நீ கேட்டதைச் சொன்னேன். பனியைத் தட்டிவிட்டுப் பார்த்தான்.

"பெரியம்மா, ஒரு பேரை மட்டும் எடுக்க வராது. அந்த இடம் மட்டும் பள்ளமாத் தெரியும். முகம் பூராவும் தேய்க்கணும். உங்க அப்பா பேரு, அம்மா பேரு, உங்க பேரு எல்லாம் போயிரும். அப்புறம் முதல்லருந்து வெட்டணும்."

"கல்லு தாங்குமா?"

"கல்லு தாங்கும். நீங்க தாங்குவீங்களா?"

"உன் வாயைத் தேச்சாத்தான் இந்த ஊரு தாங்கும்."

சிரித்தான். பிறகு, "அப்படியே விட்டுருங்க பெரியம்மா, யாரு கேக்கப்போறா?" என்றான். பாதி ஆண்டோடு ஒரு பெயர் நின்றால் ஊர் கேட்கும். எமில்கா எப்ப வர்றா, எமில்கா எங்க என்று கேட்கும். பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு தடவை இந்தக் குடும்பத்துக் கல்லைத் தேய்த்தாயிற்று. மறுபடியும் தேய்க்க மாட்டேன். அம்மாவின் பெயர் மேல் மணல் போட என்னால் முடியாது. ஒன்ட்ரூஷிடம் வேறு வேலை சொல்லியிருக்கிறேன். பனி கரைந்ததும் செய்வான்.

நீ எழுதிக் கொடுத்தபடி இருந்துகொள். இனி எழுத வேண்டாம்.

ரோஸாலியா

*

ப்ரெரோவ்
5 நவம்பர் 1993

அன்புள்ள ரோஸா அக்கா,

எழுத வேண்டாம் என்றாய், பத்து மாதம் எழுதவில்லை. இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு. நல்ல ஸ்லோவாக்கில் எழுதுகிறேன், இரண்டு நாள் ஆகாது.

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தேன்.

எல்லையில் வண்டியை நிறுத்தினார்கள். நாம் காளான் பொறுக்கப் போவோமே, அந்தக் காட்டுக்குப் பக்கத்தில். ஒரு சின்னப் பையன், சீருடை இன்னும் உடம்புக்குப் பொருந்தவில்லை. "பாட்டி, எதுக்குப் போறீங்க?" என்றான். "கல்லறைக்கு" என்றேன். மடியில் இருந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தான். "இது என்ன?" "போர்வை." "கல்லறைக்கா?" "அங்க குளிரும் தம்பி." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முத்திரை குத்திக் கொடுத்தான்.

கல்லைப் பார்த்தேன். 1915, கோடு, 1993. ஒன்ட்ரூஷ் சுத்தமாகத்தான் வெட்டியிருக்கிறான். புது எண் இரண்டும் பழைய எண்களை விட வெள்ளையாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். இந்த வருஷத்தைத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறாய். மற்றவர்களுக்கு எரிந்த மாதிரியே எனக்கும் விளக்கு எரிந்தது. செவ்வந்தியும் இருந்தது. அப்பாவுக்கு வைத்ததை விடக் கொஞ்சம் பெரிய கொத்து.

நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து ஒருத்தி பக்கத்தில் வந்தாள்.

"தெரிஞ்சவங்களாம்மா?"

"சின்ன வயசுல தெரியும். எப்படிப் போனா?"

"அந்தப் பக்கம் இருந்தாங்களாம். நாடு பிரிஞ்ச குளிர்லயே போயிட்டாங்கன்னு ரோஸா பெரியம்மா சொன்னாங்க. எல்லை வந்துட்டதால உடம்பைக் கொண்டுவர முடியலையாம். பாவம், பூசை வச்சாங்க, மணிகூட அடிக்கச் சொன்னாங்க. அந்தப் பெரியம்மா அழுது நான் பாத்ததே இல்ல, கல்லு மாதிரி ஆளு. அன்னிக்கு அழுதாங்க பாருங்க, சாமியாரே பயந்துட்டாரு."

இவள்தான் உன் மார்கிதா என்று தெரிந்துகொண்டேன். வாய் ஓயவில்லை.

"அவங்க ஆத்மா சாந்தி அடையட்டும்" என்றேன். வேறு என்ன சொல்வது? நானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். தன் பெயருக்குத் தானே ஏற்றுவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறகு அம்மாவுக்கு ஏற்றினேன், ஐம்பது வருஷம் பிந்தி. அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக் கதவு வரை வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. தட்டவில்லை. செத்தவள் வாசலில் நின்றால் உன் வயதுக்குத் தாங்காது. மார்கிதாவும் நாளைக்கு ஊர் முழுக்கச் சொல்வாள், உன் மானம் போகும். போர்வையை அவள் கையில் கொடுத்தேன். "எமில்காவோட சாமான். அவ அக்காவுக்குச் சேர வேண்டியது. கொடுத்துருங்க" என்றேன். யார் கொடுத்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்றாள். சின்ன வயசில் கூட வேலை பார்த்தவள் என்று சொல்லச் சொன்னேன்.

பெரியது உன்னிடம் வந்துவிட்டது அக்கா. கணக்கு முடிந்தது.

எமில்கா

*

ப்ரெஸோவெட்ஸ்
2 டிசம்பர் 1993

எமில்கா,

போர்வை வந்தது. கூட வேலை பார்த்தவள் கொடுத்தாள் என்று மார்கிதா சொன்னாள். "உங்க மூக்கு மாதிரியே அவங்களுக்கும் மூக்கு பெரியம்மா" என்றாள். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு இரவு போர்த்திப் பார்த்தேன். மெலிந்துபோயிருக்கிறது. அம்மா அடைத்தபோது தூக்கவே கை வலிக்கும். பாதி இறகு எங்கே? உறையை மூன்று தடவை மாற்றினேன் என்கிறாய், மாற்றும்போது தைக்கத் தெரியாமல் பறக்கவிட்டிருப்பாய். கால் பக்கம் வெறும் துணிதான் இருக்கிறது. கணக்கு முடிந்தது என்று எழுதுகிறாள்.

மார்கிதாவின் வாத்துகளைக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அறுப்பார்கள். இறகு முழுவதும் எனக்குத் தருகிறாள். ஜனவரியில் உட்கார்ந்து உரிக்க வேண்டும். முன்பு இந்த அடுப்படியில் பன்னிரண்டு பெண்கள் உட்காருவார்கள். இப்போது நானும் மார்கிதாவும்தான், அவள் பேசினால் மூச்சில் இறகெல்லாம் பறந்துவிடும். இன்னும் ஒரு ஜோடிக் கை வேண்டும். கூட வேலை பார்த்தவளை வரச் சொல். டிக்கெட் போக வர இரண்டுக்கும் சேர்த்தே எடுக்கட்டும், அவளுக்கு அங்கே ஒரு கல் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பின்பக்கத்து அறையில் படுக்கட்டும்.

ஊர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சாமியாரிடமும்.

வெட்டினதை மாற்ற வழியில்லை. ஒரு தடவை செத்தாயிற்று எமில்கா, அடுத்ததற்கு அவசரப்படாதே.

உன் அக்கா,
ரோஸா